ஒருவருக்காக மூவரா?

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளிவாசல் தோட்டத்து லயத்தில் பிறந்து, இன்று பாலக்காட்டில் இரயில்வே எழுத்தராகக் காலம் கழிப்பவன் நான். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என்னையும் பேச அழைத்த சங்கத்தாருக்கு நன்றி. இரயில்வேக்காரனுக்கு மலைமேல் என்ன வேலை என்று சிலர் நகைக்கலாம். மூணாற்றிலும் ஒரு காலத்தில் இரயில் ஓடியது. 1924-ஆம் ஆண்டு வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போயிற்று. நிற்க.

நம் காலனிக் கால்பந்துக் குழுவினர் சங்கத்தின் முன் ஒரு விண்ணப்பம் வைத்திருக்கின்றனர். வரும் செவன்ஸ் போட்டிக்கு மலப்புறத்திலிருந்து பெயர்பெற்ற முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவரை அழைத்துவர வேண்டுமாம். அதற்காகச் சிறுவர்களின் பூட்ஸுக்கு ஒதுக்கிய தொகையையும், அடுத்த ஆண்டுப் பயிற்சிக்கு வைத்திருக்கும் தொகையையும் கொடுத்துவிடலாமாம். இது நம் காலனியில் மட்டும் எழுந்த வினா அன்று. கோடிகளில் புரளும் கழகங்களும் இதிலேதான் தடுமாறுகின்றன.

அமெரிக்காவில் ஓர் ஆட்டம் உண்டு. பெயர் கால்பந்து, ஆடுவதோ பெரும்பாலும் கையால்! அங்கே கல்லூரியிலிருந்து வரும் புதிய ஆட்டக்காரரைக் கழகங்கள் வரிசை முறைப்படி ஒவ்வொருவராகத் தெரிந்தெடுக்கும். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். 1936-இல் பிலடெல்பியா நகரில் இது முதன்முதல் நடந்தது. சென்ற ஆண்டு கடைசியாக வந்த கழகத்துக்கே முதல் வாய்ப்பு. பந்தியில் பின்தங்கியவனுக்கு முதல் இலை போடுவது போன்ற நல்ல ஏற்பாடுதான். ஆனால் இலையை விற்கவும் வாங்கவும் இடமுண்டு. பின்வரிசையில் நிற்பவர், தம் வாய்ப்புகள் இரண்டு மூன்றைக் கொடுத்து, முன்வரிசை வாய்ப்பு ஒன்றைப் பெறலாம்.

எந்த இடத்துக்கு என்ன மதிப்பு என்பதற்கு 1991-இல் டல்லாஸ் கழகத்தார் ஓர் அட்டவணையே வகுத்தனர். முதல் இடம் 3000 புள்ளி, இரண்டாம் இடம் 2600, பத்தாம் இடம் 1300. எங்கள் பயணச்சீட்டு அலுவலகத்துக் கட்டண அட்டவணையைப் போலப் பார்க்க மிக ஒழுங்காகவே இருக்கும். ஆனால் அது கழகங்கள் முன்பு செய்த பேரங்களைப் பார்த்து எழுதப்பட்டது. ஆட்டக்காரர் பின்னாளில் எப்படி ஆடினார் என்று பார்த்து எழுதப்பட்டதன்று. கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்னும் அறிஞர் இருவர் இதை ஆராய்ந்தனர். தேலர் 2017-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். முன்னிடங்களுக்குக் கழகங்கள் அளவுக்கு மீறி விலை தருகின்றன என்பது அவர்கள் முடிவு. ஒரே நிலையில் ஆடும் இருவரில் முன்னே எடுக்கப்பட்டவர், அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பது நூற்றுக்கு ஐம்பதுக்குச் சற்றே மேல். ஏறக்குறையக் காசு சுண்டிப் பார்ப்பதுதான்.

2012-இல் வாஷிங்டன் கழகம், ஆறாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஏற, மூன்று ஆண்டுகளின் முதல் சுற்று வாய்ப்புகளையும் ஓர் இரண்டாம் சுற்று வாய்ப்பையும் கொடுத்தது. அதனால் வந்த ராபர்ட் கிரிஃபின் முதல் ஆண்டில் அற்புதமாக ஆடினார். 2013 சனவரியில் முழங்கால் போயிற்று. இழந்த வாய்ப்புகள் திரும்பவில்லை.

நம் நாட்டில் 2017 சூலை 23 அன்று மும்பையில் இந்தியன் சூப்பர் லீக் கழகங்கள் பத்தும் இத்தகைய தெரிவை நடத்தின. புதிதாய்ச் சேர்ந்த ஜாம்ஷெட்பூருக்கு முதல் வாய்ப்பு. மலப்புறத்துக் கொண்டோட்டிக்காரரான அனஸ் எடத்தொடிகாவை அவர்கள் 1 கோடியே 10 இலட்சத்துக்கு எடுத்தனர். சிறந்த தடுப்பாட்டக்காரர், ஐயமில்லை. ஆயினும் காயத்தால் பல ஆட்டங்களில் இறங்க இயலவில்லை. கழகம் ஐந்தாம் இடத்தோடு நின்றது. அதே விலைக்கு யூஜின்சன் லிங்டோவை எடுத்த கொல்கத்தாவுக்கும் காயமே பகை; பத்தில் ஒன்பதாம் இடம். பின்வரிசையில் நின்ற சென்னையோ ஜேஜேயைக் கைவிடாது வைத்துக்கொண்டு, வியாசர்பாடித் தம்பி தனபால் கணேஷ் முதலியோரைச் சேர்த்து, 2018 மார்ச் 17 அன்று பெங்களூரை 3-2 என வென்று கோப்பையைக் கைப்பற்றியது. (கேரளா பிளாஸ்டர்ஸ் அன்பர்கள் பொறுத்தருள்க. சோறு இங்கே, பாசம் அங்கே என்பது நம் தலையெழுத்து.)

அப்படியானால் ஒருவருக்காகப் பலரைக் கொடுப்பது எப்போதுமே பிழையா? அன்று. 2017-இல் கேன்சஸ் நகரக் கழகம் 27-ஆம் இடத்திலிருந்து 10-ஆம் இடத்துக்கு ஏற, அடுத்த ஆண்டின் முதல் வாய்ப்பையும் சேர்த்துக் கொடுத்து, பாட்ரிக் மஹோம்ஸைப் பெற்றது. 2020, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பட்டம் அவர்களுக்கே. ஆனால் அவர்கள் அதற்கு முந்தைய பருவத்தில் 16 ஆட்டங்களில் 12 வென்றவர்கள். வீடு கட்டி முடிந்திருந்தது, நிலைக்கதவு ஒன்றுதான் குறை. வந்தவரையும் முதல் ஆண்டில் ஒரே ஓர் ஆட்டத்தில்தான் இறக்கினர்.

நம் வீட்டுக்குச் சுவரே எழவில்லையே! சென்ற ஆண்டு முதல் சுற்றிலேயே திரும்பினோம். கோலிக்குக் காயம்பட்டால் மாற்று ஆள் இல்லை. இரண்டு தம்பிகள் ஒரே பூட்ஸை மாற்றி மாற்றி அணிவதை நானே கண்டேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதினாறு வயது. ஒரு பொங்கல் போட்டிக்காக எங்கள் குழுவினர் பக்கத்துக் குழுவின் முன்வரிசை வீரர் ஒருவரை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு மூன்று பையன்களைக் கொடுத்தனர். அம்மூவரில் நானும் ஒருவன். வந்த அண்ணன் உண்மையிலேயே சூரர். முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல் அடித்தார். எங்கள் பழைய குழுவோ நான்கு வாங்கிற்று. பின்னே தடுக்க ஆளில்லை. அது போகட்டும். என்னுடன் அனுப்பப்பட்டவர்களில் ஒருவன் எங்கள் கோலி. “என்னைக் கேட்காமலே கொடுத்துவிட்டார்களே” என்று ஒரே ஒருமுறை சொன்னான். அதன்பின் அவன் மைதானத்துக்கு வரவே இல்லை. எந்த அட்டவணையிலும் அவனுக்குப் புள்ளி போட்டிருப்பதாக நான் பார்க்கவில்லை.

பழைய மூணாற்று மைதானத்தில் ஃபின்லே கேடயத்துக்குத் தோட்டங்கள் மோதுவதை நீங்கள் அறிவீர்கள். தோட்டத்துக்குத் தோட்டம் தன் ஆட்களையே இறக்கும். அதனால்தான் தோற்றாலும் ஊரே கூடி நிற்கிறது.

மலப்புறத்து நண்பரை அழைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு நாள் வந்து நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரட்டும். வழிச்செலவை நான் ஏற்கிறேன். பூட்ஸ் பணத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். செயலாளர் அண்ணன் கருத்து வேறு என்பதை அறிவேன். வரும் ஞாயிறு செயற்குழுவில் அவர் தம் பக்கத்தைச் சொல்லட்டும். அதற்குள் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளின் கால் அளவை எழுதிப் பொருளாளரிடம் தரும்படி வேண்டிக்கொண்டு அமர்கிறேன்.