காலிமுகத்திடல் சொல்லும் சாட்சி

நாட்டிலே சுபீட்சம் பெருகினால் ஆள்வோருக்கும் பிரஜைகளுக்கும் மனம் விசாலமடையும், மாறுபட்ட அபிப்பிராயத்தைப் பொறுமையோடு கேட்கும் பண்பும் தானாகவே வந்து சேரும் என்று நம்புவோர் பலர். நம் கொழும்பு மாநகரின் காலிமுகத்திடல் ஒன்றையே சாட்சிக்கு அழைத்தாலும், அந்த நம்பிக்கை நிலைக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

கொரிய யுத்த காலத்தில் ஏறியிருந்த ரப்பர் விலை சரிந்து திறைசேரி வறண்ட 1953இல், 25 சதத்துக்கு விற்ற ஒரு கொத்துப் பங்கீட்டரிசி 70 சதமாயிற்று. ஆகஸ்ட் 12ஆம் தேதி ஹர்த்தால் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிலே கூடியது. க்ஷாமத்தில் அரசு அஞ்சியது, அஞ்சியதால் அடித்தது. இது விளங்காத விஷயமன்று.

ஆனால் அடுத்த இரண்டாண்டுகளில் தேயிலை நல்ல விலை பெற்றுக் காசு திரும்பியதே, அப்பொழுது சகிப்புத்தன்மை வளர்ந்ததா? 1956 ஜூன் 5ஆம் தேதி, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் தனிச் சிங்களச் சட்டமூலத்தை ஆட்சேபித்து, தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் அவர்களின் தலைமையில் இதே திடலில் அமைதியாக அமர்ந்த சத்தியாக்கிரகிகளைக் குண்டர்கள் தாக்கினார்கள். அவர்களுள் மண்டை உடைந்த பாராளுமன்ற உறுப்பினர் அமிர்தலிங்கம் கட்டுப்போட்ட தலையோடு பாராளுமன்றத்துக்குச் சென்றார்.

2022இலோ டொலர் அற்றுப்போயிற்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெறும் காஸ் சிலிண்டர்களைக் கயிற்றால் பிணைத்து வீதியோரம் நிறுத்திவிட்டு, விடியும்வரை காவலிருந்தவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். அவர்களில் ஒருவராகவும் இருந்திருப்பீர்கள். அந்த ஆண்டு மே 18ஆம் தேதி, காலிமுகத்திடலில், உள்நாட்டுப் போரின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களுக்காகச் சுடர் ஏற்றப்பட்டது; அந்த இறுதி நாட்களில் அவர்களுக்கு உணவாயிருந்த, அரிசியும் உப்பும் நீரும் மட்டுமேயான கஞ்சியைச் சிங்கள இளைஞர்களும் கையேந்தி வாங்கிக் குடித்தார்கள். பல்லாண்டு காலம் தெற்கிலே வாய்விட்டு அழவும் அனுமதியற்றிருந்த துக்கம் அது. செழிப்புக் காலத்தில் அடி விழுந்த மண்ணிலே, பட்டினிக் காலத்தில் அதற்கு இடம் கிடைத்தது. வறுமை மனிதரை உத்தமராக்கிவிட்டதென்று நான் சொல்லமாட்டேன். எனினும், தம்மைக் காப்பதாகச் சொன்ன ஆட்சியே தம் அடுப்பை அணைத்ததைக் கண்ட மக்கள், அவ்வாட்சி யாரைப் பகைவரென்று காட்டிற்றோ அவர்கள் சொல்வதையும் கேட்க முன்வந்தார்கள் என்றே கருதுகிறேன்.

அரசின் செவி மட்டும் திறக்கவில்லை. ஜனாதிபதி மாறிய பின்னரும், ஜூலை 22ஆம் தேதி விடியுமுன்னே இராணுவம் திடலில் புகுந்து போராட்டக்காரரின் கூடாரங்களைப் பிடுங்கி எறிந்தது. 1953இல் போலவே அன்றும் அவசரகாலப் பிரகடனம் அமுலில் இருந்தது.