கூரையை எண்ணாதே, அடுப்பை எண்ணு!

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தாராவியில் 2024 மார்ச் மாதம் வீடுவீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. கதவில் எண் எழுதினார்கள். ட்ரோன் பறக்கவிட்டு மேலிருந்து படம் பிடித்தார்கள். அந்தப் படத்தில் நம் வீடு எப்படித் தெரியும்? வெறும் தகரக் கூரையாகத் தெரியும். தரைத்தளத்தில் ஒரு குடும்பம், இரும்பு ஏணி ஏறினால் இன்னொரு குடும்பம், அதற்கும் மேலே பட்டறையில் வேலை செய்யும் நான்கு இளைஞர்கள். கூரை ஒன்று, அடுப்பு மூன்று!

2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை நிரூபிப்பவருக்குத்தான் தாராவிக்குள்ளேயே இலவச வீடு என்பது திட்டத்தின் நிபந்தனை. மற்றவர்கள் விலைக்கோ வாடகைக்கோ வேறிடம் போகவேண்டும். அப்படியானால் வரைபடத்தில் விழுகிற ஒவ்வொரு கோடும் ஒரு குடும்பத்தின் தலையெழுத்து அல்லவா? அந்தக் கோட்டைப் போடும் கை யாருடையது என்று நாம் கேட்கவேண்டாமா?

வரைபடம் என்றால் படித்தவர்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். ரயில்வேயில் வேலை பார்க்கும் நாங்கள் ஒன்று சொல்கிறோம். கண்ட்ரோல் அறையில் ஒரு சார்ட் உண்டு. குறுக்கே மணி நேரம். மேலிருந்து கீழாக ஸ்டேஷன்கள். வண்டி ஓடினால் கோடு சாய்ந்து போகும். வேகம் கூடினால் செங்குத்தாகும். வண்டி நின்றுவிட்டால் கோடு படுத்துவிடும். நூறு பக்கம் ரிஜிஸ்தரைப் புரட்டிக் கண்டுபிடிக்கவேண்டியதை அந்தப் படுத்த கோடு ஒரு பார்வையில் சொல்லிவிடும். எண் பேசாது, எண்ணை அதன் இடத்தில் வைத்தால் பேசும்.

1854-இல் லண்டனில் சோஹோ என்ற பகுதியில் காலரா பரவியது. பத்தே நாளில் ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கெட்ட காற்றுதான் காரணம் என்று பெரிய மனிதர்கள் சொன்னார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் பட்டியலை வாங்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். எந்தக் குழாய்த் தண்ணீர் குடித்தீர்கள் என்று வீடுவீடாகக் கேட்டார். சாவுகள் பிராட் தெருவின் அடிபம்பைச் சுற்றியே குவிந்திருந்தன. செப்டம்பர் 8-ஆம் தேதி அந்தப் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. பின்னர் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கறுப்புக் கோடு போட்டு அவர் வரைந்த படம் 1855-இல் அச்சாகியது.

சாவு இல்லாத இடத்தையும் அவர் விசாரித்தார் என்பதை மறக்கக்கூடாது. அருகிலிருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர் இருந்தும் ஐந்து பேர்தான் இறந்தார்கள். அங்கே தனிக் கிணறு இருந்தது. பக்கத்து மது ஆலைத் தொழிலாளி ஒருவர்கூடச் சாகவில்லை. அவர்கள் அந்தப் பம்புத் தண்ணீரைக் குடிக்கவில்லை. இத்தனைக்குப் பிறகும் சுகாதார அதிகாரிகள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் படம் நிலைத்துவிட்டது.

லண்டன் கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? இதே ஊருக்கு வாருங்கள். 1985 ஜூலையில் பம்பாய் நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தலாம் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அன்று நடைபாதைவாசிகள் எந்த வரைபடத்திலும் இல்லை. இன்று வந்து நாளை போகிறவர்கள் என்றே பேச்சு. பைகுல்லாப் பகுதியில் அவர்களைக் குடும்பம் குடும்பமாக எண்ணினார்கள். எத்தனை வருடமாக இருக்கிறார்கள், என்ன வேலை, என்ன கூலி என்று எழுதினார்கள். கண்ணுக்குத் தெரியாதவர்கள் நாங்கள் என்று பொருள்படும் தலைப்பில் அந்த ஆண்டே ஆங்கிலத்தில் அறிக்கை வந்தது. வழிப்போக்கர்கள் அல்ல, நெடுங்காலமாக உழைத்து வாழ்கிறவர்கள் என்று அது காட்டியது. எண்ணப்பட்டவர்களைத்தான் பேச்சுவார்த்தைக்கு அழைப்பார்கள், தோழர்களே!

ஆகவே நம் சந்தை நாமே வரைவோம். கதவுக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குள் அடுப்புக்கு ஒரு புள்ளி. தண்ணீர்க் குழாய்க்கு நீலம், கழிப்பிடத்துக்குச் சிவப்பு. பூட்டிய வீட்டை விட்டுவிடாதீர்கள். இரவு ஷிப்டு முடித்துத் தூங்குகிறவராக இருக்கலாம். மறுபடி மாலையில் போங்கள். தாய்மார்கள் முன்னே வரவேண்டும். எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எத்தனை குடம் வரிசையில் நிற்கும் என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்?

மூன்று விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். ஒன்று, இல்லாத குடும்பத்தை எழுதாதீர்கள்; ஒரு பொய்ப் புள்ளி நூறு உண்மைப் புள்ளியைச் சாகடிக்கும். இரண்டு, இங்கே மூன்று குழாய், அங்கே இரண்டு என்று மட்டும் காட்டினால் ஏமாந்துபோவோம். குழாய் ஒன்றுக்கு எத்தனை குடும்பம் என்று போட்டால்தான் அநியாயம் தெரியும். மூன்று, சுவரில் மாட்டும் படத்தில் பெயர் வேண்டாம், யாரிடம் என்ன கடுதாசி இருக்கிறது என்பதும் வேண்டாம். அவை தனி நோட்டில், சங்கத்தின் பூட்டுக்குள் இருக்கட்டும். நம்மைக் காக்க எடுத்த கணக்கு நம்மையே காட்டிக்கொடுக்கக்கூடாது.

வாடகைக்கு இருப்பவர், மேல்மாடிக்காரர், பட்டறையில் படுத்துறங்குபவர், எந்த மொழி பேசுகிறவர் என்று பார்க்காமல் எல்லோரும் அந்தப் படத்தில் இருக்கவேண்டும். நமக்குப் பக்கத்துக் கதவு மராட்டியர், எதிர்க் கதவு பீகார்க்காரர். அவர்களை விட்டுவிட்டு வரைந்தால் சந்தில் பாதி இருட்டாகிவிடும்.

அவர்கள் படம் மேலிருந்து எடுத்தது. நம் படம் வாசலிலிருந்து எழட்டும். இரண்டையும் ஒரே மேசையில் விரித்து வைத்து, இந்த அடுப்புகள் எங்கே என்று கேட்போம். பதில் வரும்வரை கேட்போம்!