மண்ணில் மறைந்த கிருமியை மரபணு காட்டுமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



2010 ஆம் ஆண்டு பகாங் மாநிலத்தின் லூபோக் யூவில் நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடி மீட்புப் படையினரும் கிராமத்து மக்களும் ஆற்றில் இறங்கினார்கள். பின்னர் சிலருக்குக் காய்ச்சல் கண்டது. 10 பேருக்கு மெலியோய்டோசிஸ் உறுதியானது. அவர்களில் நால்வருக்கு எலிச் சிறுநீர்க் காய்ச்சலும் இருந்தது. இறந்தவர்கள் 8 பேர். உதவப் போன கிராமத்தார்தாம் அவர்கள்.

மெலியோய்டோசிஸ் கிருமி சேற்றிலும் வயல் மண்ணிலும் வாழ்வது. கையில் ஒரு கீறல் போதும், உள்ளே நுழைந்துவிடும். அது எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே அறிய முடியாதா?

பழைய முறையில் மண்ணைக் கரைத்துத் தட்டில் கிருமியை வளர்க்க வேண்டும். நாட்கள் பிடிக்கும். அதோடு, பார்வைக்கு அச்சு அசல் அதைப்போலவே இருக்கும் ஒரு சாதுவான பங்காளியும் மண்ணில் உண்டு! இங்கேதான் மரபணுத் துருவி கைகொடுக்கிறது. மரபணு இழை, ஜிப் போல இரண்டு பக்கம் கொண்டது. கொடிய கிருமியில் மட்டும் உள்ள ஒரு துண்டுக்குச் சரியான மறுபக்கத்தை ஆய்வகத்தில் செய்து, ஒளிரும் சாயம் சேர்த்து விடுகிறார்கள். ஜோடி கிடைத்தால் ஒட்டிக்கொள்ளும், கருவி ஒளியைக் காட்டும். பங்காளியிடம் அந்தத் துண்டு இல்லை. கோவிட் காலத்தில் நாம் மூக்கை நீட்டினோமே, அந்தப் பிசிஆர் சோதனையின் உறவுதான் இதுவும். சில மணி நேரத்தில் விடை வந்துவிடும்.

ஆனால் ஏமாந்துவிடக் கூடாது. செத்த கிருமியின் மரபணுவும் ஒளிரும். மண்ணின் மக்கோ சோதனையையே முடக்கி, இருப்பதை இல்லை எனக் காட்டிவிடும். கிருமியும் திட்டுத் திட்டாகவே இருக்கும். அதனால்தான் தட்டில் வளர்க்கும் முறைக்கே, ஒரு வயலில் 100 இடங்களில் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் மண் எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு பிடி மண்ணைச் சோதித்து, 'இங்கே பயமில்லை' என்று சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

இது நம்மவர்களுக்கு ஏன் முக்கியம்? இந்நோய் இனிப்புநீர் உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது இருக்கிறது. தோட்ட வேலை, வீட்டுக் கொல்லை, வெள்ளத்துக்குப் பின் சேறு அள்ளுதல், எல்லாம் நாம் செய்பவைதானே? பூட்ஸ் போடுங்கள், கையுறை மாட்டுங்கள். காய்ச்சல் வந்தால், "டாக்டர், நான் சேற்றில் இறங்கினேன், எனக்கு இனிப்புநீர் இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லுங்கள். சாதாரண பென்சிலின் இதற்கு எடுபடாது. செஃப்டாசிடைம் போன்ற ஊசி மருந்து, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. அதை அவர் காலத்தோடு தொடங்க வேண்டும்.