வரப்பில் யார் இறங்குவது?

(முத்துப்பேட்டையில் ஆற்றிய உரை)



வரப்பில் எதிரும் புதிருமாக இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் தலையில் கதிர்க்கட்டு. இன்னொருத்தி இடுப்பில் பிள்ளை. ஒருவர் சேற்றில் இறங்கினால்தான் மற்றவர் போகலாம். ஒற்றைத் தண்டவாளத்தின் சங்கதியும் இதுதான். எதிரெதிர் வண்டிகள் ஸ்டேஷனில்தான் ஒதுங்க முடியும். நடுவழியில் இடம் கிடையாது.

காரைக்கால் துறைமுகத்து நிலக்கரி திருவாரூர், தஞ்சை வழியாக மேற்கே போகிறது. நம் நெல்லும் அரவைக்கு வெளி மாவட்டங்களுக்கு கூட்ஸில்தான் போகிறது. நீடாமங்கலம் கேட்டில் பஸ்ஸுக்குள் வெந்தவர்களுக்கு இதை நான் சொல்லவேண்டாம். இந்த வரப்பில் சேற்றில் இறங்குவது யார்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவள்!

காரணம் என்ன? ரயில்வே வருமானம் மூன்று ரூபாய் என்றால், ஏறக்குறைய இரண்டு ரூபாய் சரக்குக் கூலி. நம் டிக்கெட் காசு அவர்கள் கண்ணுக்குச் சில்லறை.

ஆனால் இந்தப் பாதையைப் போட்டது யார் காசு? தஞ்சை ஜில்லா போர்டு ரயில்வே செஸ் வசூலித்து, மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894-ல் ரயில் விட்டது. செஸ் கட்டியவன் மிராசுதார். அந்த நெல்லை விளைவித்தவன் யார் என்று உங்களுக்குத் தெரியும். 2012-ல் மீட்டர்கேஜை நிறுத்தினார்கள். அகலப்பாதையில் திருவாரூர்–காரைக்குடி ரயில் 2019 ஜூன் 1-ல் வந்தது. கேட்டுகளில் ஆள் போடவில்லை. ஒவ்வொரு கேட்டிலும் ரயில் நிற்கும்; வண்டியிலேயே வந்த தொழிலாளி இறங்கிக் கேட்டைச் சாத்துவார்; வண்டி கடந்ததும் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல்! மாட்டுவண்டிக்காரர் சிரித்திருப்பார்.

கூட்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நெல் நம்முடையது, மூட்டை ஏற்றுபவர்களும் நம் தோழர்கள். வடக்கே லூதியானாவிலிருந்து சோன்நகர் வரை 1,337 கிலோமீட்டருக்குச் சரக்குக்கென்றே தனிப்பாதை போட்டு, 2023-ல் முடித்தார்கள். தமிழ்நாட்டில் அப்படி ஒரு முழம் கூட இல்லை. அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். காலையிலும் மாலையிலும் வேலைக்குப் போய்வரும் நேரத்தில் பாசஞ்சருக்கே பாதை என்று விதி செய்யட்டும். கூட்ஸ் இரவில் ஓடட்டும். தஞ்சை–திருவாரூர் பாதையை இரட்டையாக்கட்டும். மதுரை, விருதுநகர்ப் பக்கம் போகும் சரக்கை திருச்சிக்கு விடாமல் நம் ஊர் வழியே, காரைக்குடி, மானாமதுரை என்று திருப்பட்டும். தஞ்சைப் பாதையில் நெரிசல் குறையும்.

இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். அங்கே இறக்கிய சுமையை நம் தலையில் ஏற்றி, நம் பாசஞ்சரை ஓரங்கட்டினால் சும்மா விடமுடியாது. ராத்திரி கூட்ஸ் என்றால் ராத்திரி கேட்டிலும் ஆள் விழித்திருக்க வேண்டும். கடலூர் செம்மங்குப்பம் கேட்டில் 2025 ஜூலை 8-ல் பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் மாண்டதை மறந்துவிட்டோமா? சிக்னலோடு கேட்டைப் பிணைக்கும் ஏற்பாடு அன்று அங்கே இல்லை. ஆகவே சரக்கைத் திருப்புவதற்கு முன்னால், ஒவ்வொரு கேட்டிலும் அந்த ஏற்பாடு வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு ஒருவராக, கேட்டுக்கு மூன்று பேர் வேண்டும். மனுவில் இதை முதல் வரியாக எழுதியிருக்கிறோம். கையெழுத்துத் தாள் பின்வரிசைக்கு வந்துகொண்டிருக்கிறது.