அவரவர் விமானம்



ஏர்பஸ் ஏ320 விமானம் ஓடுபாதையை நெருங்கும்போது விமானியறையில் ஓர் இயந்திரக் குரல் ஆங்கிலத்தில் உயரத்தை எண்ணத் தொடங்கும்: ஐம்பது அடி, நாற்பது, முப்பது, இருபது. போயிங் 737 என்றால் நினைவுக்கு வருவது வேறோர் ஒலி. விமானியின் முழங்காலை ஒட்டியிருக்கும், விமானத்தின் மூக்கை ஏற்ற இறக்கமாகச் சமன்செய்யும் டிரிம் சக்கரம், யாரும் தொடாமலே கடகடவென்று சுழலும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இது இந்த விமானம் என்று சொல்லிவிடக்கூடியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் பலர் நிஜ விமானத்தை ஒருநாளும் ஓட்டியதில்லை. வேலை முடிந்து வீடு திரும்பி, கணினிக்கு முன்னால் ஒரு ஜாய்ஸ்டிக்கை வைத்துக்கொண்டு பறக்கிறவர்கள் அவர்கள். ஃப்ளைட் சிமுலேட்டர் என்ற மென்பொருள்தான் அவர்களுடைய வானம்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாரும் ஒரே விளையாட்டை விளையாடுவதுபோலத் தெரியும். உள்ளே போனால் எத்தனையோ கட்சிகள். பயணிகள் ஜெட்டைத் தவிர வேறெதையும் தொடாதவர் ஒருபக்கம். சின்னஞ்சிறு விமானத்தில் மலைச்சரிவில் இறங்குவதையே ஆசையாகச் செய்கிறவர் இன்னொரு பக்கம். எஞ்சினே இல்லாத கிளைடரில் மணிக்கணக்காக மிதப்பவரும் உண்டு. ஒருவர் உயிரைவிடும் காரியம் மற்றவருக்குக் கொட்டாவி வரவழைக்கும். ஆனாலும் இந்த ரசனைகளைக் கொஞ்ச நேரம் கவனித்தால் அவற்றுக்கு அடியில் ஒரு காரணம் தட்டுப்படும். பறத்தலில் எந்த வேலையைத் தன் கையால் செய்ய ஒருவர் ஆசைப்படுகிறாரோ, அந்த வேலையைத் தனக்கு விட்டுவைக்கும் விமானத்தையே அவர் தேடிப் போகிறார்.

இந்தப் பிரிவு நேற்று வந்ததல்ல. அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த புரூஸ் ஆர்ட்விக், 1975-இல் தம் ஆய்வேட்டுக்காகக் கணினித் திரையில் விமானப் பறத்தலைக் காட்டும் வழியை ஆராய்ந்தார். பிறகு சப்லாஜிக் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஆப்பிள் 2 கணினிக்காக ஒரு சிமுலேட்டரை உருவாக்கினார். திரையில் சில கோடுகள், சில கருவிகள், அவ்வளவுதான். அந்த முதல் மென்பொருளிலேயே அமைதியாகப் பறக்கலாம், அல்லது முதல் உலகப் போர்க்கால விமானத்தில் ஏறி வான் சண்டையும் போடலாம். அந்த முயற்சியின் தொடர்ச்சியாகவே 1982-இல் மைக்ரோசாஃப்டின் ஃப்ளைட் சிமுலேட்டர் ஐபிஎம் கணினிகளுக்கு வந்தது.

முதலில் பெரிய ஜெட் ரசிகர்கள். இவர்களுக்குள்ளேயே ஏர்பஸ்ஸா போயிங்கா என்ற வழக்கு ஓயவே ஓயாது. அதற்குப் பொருள் இருக்கிறது, ஏனென்றால் இரண்டு விமானங்களும் விமானியை நடத்தும் விதம் வேறு. ஏ320-இல் கைப்பிடி, இருக்கைக்குப் பக்கவாட்டில் சின்னதாக இருக்கிறது. அதை ஒருபக்கம் சாய்த்துவிட்டுக் கையை எடுத்தால், 33 டிகிரி வரையிலான சாய்வை விமானம் அப்படியே பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் சாய்ந்திருந்தால் தானே 33-க்குத் திரும்பும். என்னதான் அழுத்தினாலும், எல்லாம் ஒழுங்காக இயங்கும் நிலையில், 67 டிகிரியைத் தாண்ட விடாது. இறக்கையோடு நேரடியாகப் பேசுவது கணினி. விமானி கணினியோடு பேசுகிறார். 737 இன்னும் பழைய வம்சம். 1967-இல் முதன்முதல் பறந்தது. இன்று வரும் அதன் புதிய வகைகளிலும் முழுக் கைப்பிடியும் டிரிம் சக்கரமும் இருக்கின்றன. எஞ்சின் விசையைக் கணினி மாற்றினால் 737-இல் அந்த நெம்புகோல்களும் கண்முன்னே நகரும். ஏ320-இல் அவை வைத்த இடத்திலேயே நிற்கும். இயந்திரம் செய்வதைக் கண்ணால் பார்த்துக் கையால் தொட்டு அறிய விரும்புகிறவர் 737 பக்கம் போகிறார். ஒழுங்காகத் திட்டமிட்டு அதை இயந்திரத்திடம் ஒப்படைத்து மேற்பார்வை செய்ய விரும்புகிறவருக்கு ஏ320 இனிக்கிறது.

இந்த ஜெட் ரசிகர்களைப் பார்த்து மற்றவர்கள், "நீங்கள் எங்கே ஓட்டுகிறீர்கள்? ஆட்டோபைலட் அல்லவா ஓட்டுகிறது?" என்று சீண்டுவது வழக்கம். அது நியாயமில்லை. மின்சாரம்கூட இல்லாமல் இருட்டாகக் கிடக்கும் விமானியறையில் தொடங்கி, பேட்டரி, எரிபொருள் பம்புகள், வழித்தடம், எடைக்கணக்கு என்று வரிசையாகப் போய் எஞ்சினை உயிர்ப்பிக்க அரைமணி நேரம்கூட ஆகலாம். அந்த அரைமணிதான் அவர்களுக்கு விருந்து. பிஎம்டிஜி, ஃபீனிக்ஸ் போன்ற நிறுவனங்களின் விமானங்களைக் காசு கொடுத்து வாங்குவதே இதற்காகத்தான். ஏறத்தாழ எந்தச் சுவிட்சைத் தொட்டாலும் நிஜ விமானத்தில் நடப்பது அங்கேயும் நடக்கும். ஃப்ளைபைவயர் என்ற தன்னார்வலர் குழு, ஏ320-இன் இத்தகைய ஒரு வடிவத்தை இலவசமாகவே தருகிறது.

இதில் இன்னொரு உண்மையும் உண்டு. மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் உடம்புக்குத் திருப்பமோ குலுக்கலோ தெரியாது. கண்ணும் காதும்தான் துணை. ஆகவே உடம்பின் உணர்வை நம்பி ஓட்டும் பறத்தலைவிடக் கருவிகளைப் பார்த்து ஓட்டும் பறத்தலையே சிமுலேட்டர் அதிக உண்மையோடு காட்ட முடியும். தரையில் நின்றபடியே பறக்கக் கற்றுக்கொடுத்த முதல் வெற்றிகரமான பெட்டியும் அப்படித்தான் மதிப்புப் பெற்றது. நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில், ஆர்கன் வாத்தியம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க், 1929-இல் வாத்தியத்தின் துருத்திகளைக் கொண்டே ஒரு பயிற்சிக் கூண்டைச் செய்தார். ஆரம்பத்தில் கேளிக்கைப் பூங்காக்கள்தான் அதை வாங்கின. 1934-இல் அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு தபால் சுமக்கும் பொறுப்பை ஏற்றது. மோசமான வானிலையில் விமானிகள் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சி அவர்களுக்குப் போதவில்லை. அதன் பிறகே ராணுவம் லிங்க்கின் கூண்டுகளில் ஆறை வாங்கியது.

இனி எதிர்க்கட்சிக்கு வருவோம். சின்ன விமானக்காரர்களின் பொதுத் தாய்மொழி செஸ்னா 172. 1950-களின் நடுவில் பிறந்து, 44,000-க்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானம். உலகிலேயே மிக அதிகமாகச் செய்யப்பட்ட விமானம் அதுதான். அதில் செய்வதற்குச் சுவிட்சு வேலை கொஞ்சம். ஜன்னலுக்கு வெளியே பார்த்து, தொடுவானத்தைப் பிடித்து, வேகத்தைக் காப்பாற்றி, காற்று தள்ளும் பக்கத்துக்கு எதிராக மூக்கைத் திருப்பிவைத்துக்கொண்டு இறங்க வேண்டும். இதில் ருசி கண்டவர்கள் மெல்ல மலைப்பக்கம் நகர்கிறார்கள். அலாஸ்காவின் ஆற்று மணல்திட்டு, அமெரிக்காவின் இடாஹோ மலைகளுக்கு நடுவே புல்தரை, பாப்புவா நியூ கினியாவின் சரிவான மண் ஓடுபாதை என்று தேடித் தேடி இறங்குகிறார்கள்.

அந்த வழியில் எல்லாரும் ஒருமுறையாவது போய் நிற்கும் ஊர், நேபாளத்தின் லுக்லா. எவரெஸ்டுக்குப் போகிறவர்கள் வந்திறங்கும் இடம். ஏறத்தாழ 2,850 மீட்டர் உயரத்தில், சுமார் 530 மீட்டர் நீளமே உள்ள ஓடுபாதை. அதுவும் சமதளமாக இல்லாமல், ஏறத்தாழ 12 சதவீதச் சரிவில் மேல்நோக்கி ஏறுகிறது. ஒரு முனையில் பள்ளத்தாக்கு, மறுமுனையில் மலைச்சுவர். இறங்குவது எப்போதும் மேட்டை நோக்கி, கிளம்புவது எப்போதும் பள்ளத்தை நோக்கி. கடைசி நேரத்தில் மனம் மாறி மீண்டும் மேலேறிவிடலாம் என்றால் மலை விடாது. மேலே காற்றின் அடர்த்தியும் குறைவு. எஞ்சினின் பலமும் இறக்கையின் தூக்கும் திறனும் குறைந்திருக்கும். ஓடுபாதை மேல்நோக்கிச் சரிந்திருப்பதால் கண் ஏமாறுகிறது. உண்மையில் இருப்பதைவிட உயரத்தில் வருவதாகத் தோன்றி, இன்னும் தாழ்ந்துவிடத் தூண்டும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஒருவர் அங்கே ஒழுங்காக இறங்கினால், அவர் ஆட்டோபைலட்டைச் சொல்லி ஜெட் ரசிகர்களைச் சீண்டுவதைக்கூட மன்னித்துவிடலாம்.

ரசனை எப்படி வேறுபடுகிறது என்பதற்குத் தரையிறக்கத்தைவிடத் தெளிவான இடம் இல்லை. ஜெட் ரசிகர்களில் பலர், சக்கரம் தரையைத் தொட்ட கணத்தில் விமானம் நிமிடத்துக்கு எத்தனை அடி வேகத்தில் இறங்கியது என்ற எண்ணைப் பார்க்கிறார்கள். 100-க்குக் கீழே வந்தால் கொண்டாட்டம். இந்தப் பழக்கம் கொஞ்சம் வழிதவறியது என்றுதான் சொல்ல வேண்டும். ஈரமான ஓடுபாதையில், குறிப்பாக அது குறுகிய நீளம் உள்ளதாக இருந்தால், நிஜ விமானி மென்மையைத் தேடுவதில்லை. தண்ணீர்ப் படலத்தைக் கிழித்துச் சக்கரம் தரையைப் பிடிக்கும்படி உறுதியாக இறக்குகிறார். சரியான இடத்தில், சரியான வேகத்தில் தொடுவதே முக்கியம். போர் விமான சிமுலேட்டரான டிசிஎஸ்-இல் விமானந்தாங்கிக் கப்பலில் இறங்குகிறவர்களோ மென்மையை எண்ணிப் பார்ப்பதே இல்லை. எஃப்/ஏ-18 விமானத்தைக் கடைசிவரை ஒரே சரிவில் கொண்டுவந்து தளத்தில் அடிப்பார்கள். தொட்ட உடனே எஞ்சினை முழு விசைக்குத் தள்ளுவார்கள், விமானத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பியை வால் கொக்கி தவறவிட்டால் மறுபடி மேலேற வேண்டுமே! அதே சிமுலேட்டரில் எஃப்-14 இரண்டு பேருக்கான விமானம். ஒரு நகரத்தில் இருப்பவர் முன்னால் அமர்ந்து ஓட்ட, வேறொரு நகரத்தில் இருப்பவர் பின்னால் ரேடாரைக் கவனிக்க, இருவரும் பேசிப் பேசி ஒரே விமானத்தில் பறக்கலாம்.

தனியாளாக மூன்று பேர் வேலையைச் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்குக் கான்கார்டு என்ற பயணிகள் விமானம் இருக்கிறது. அதன் விமானியறையில் இரு விமானிகளோடு ஒரு பொறியாளரும் அமர்ந்திருப்பார். ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது இறக்கையின் தூக்குவிசை பின்னோக்கி நகரும். அதற்கு ஈடாகப் பல டன் எரிபொருளைப் பின்பக்கத் தொட்டிக்கு இறைக்க வேண்டும். வேகம் குறையும்போது திரும்ப முன்னால் கொண்டுவர வேண்டும். மறந்தால் விமானம் சமநிலை இழக்கும். 2003-இல் பயணிகள் சேவையை நிறுத்திவிட்ட அந்த விமானத்தின் எரிபொருள் கணக்கை இன்றும் சிலர் வீட்டில் உட்கார்ந்து நேர்த்தியாகப் போடுகிறார்கள் என்பது வியக்கத்தக்க காரியம்.

காலத்தை நடத்தும் விதத்திலும் அவரவர் வழி உண்டு. சிலர் நேரத்தை நான்கு மடங்கு வேகமாக்கிப் பசிபிக்கைக் கடந்துவிடுவார்கள். சிலர் பன்னிரண்டு மணி நேரப் பயணத்தை நிஜமாகவே பன்னிரண்டு மணி நேரம் பறப்பார்கள். நடுவில் சமையல், தூக்கம் எல்லாம் நடக்கும். கீழிறங்க வேண்டிய புள்ளி வந்ததும் சிமுலேட்டரை நிறுத்திவைக்கும் வசதியும் சில விமானங்களில் இருக்கிறது. அதேபோல் தனிமையை விரும்புகிறவர்கள் உண்டு. மனிதக் குரலைத் தேடுகிறவர்களும் உண்டு. 2001-இல் தொடங்கிய வாட்சிம் என்ற வலையமைப்பில், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களாகவும் ஆர்வலர்களே அமர்கிறார்கள், பயிற்சி பெற்று, சம்பளமின்றி. ஆண்டுக்கு இருமுறை அட்லாண்டிக்கைக் கூட்டமாகக் கடக்கும் நிகழ்ச்சியும் நடக்கும். மைக்கில் முதன்முறை பேசும்போது நா வறண்டுபோகிறவர்கள் ஏராளம்; எழுத்து மூலம் பேசவும் அங்கே இடமிருக்கிறது.

வெறுமனே ஊர் பார்க்கப் பறப்பவர்களை இந்த வரிசையில் தாழ்த்தி வைப்பது தவறு. 2020 ஆகஸ்டில் வெளியான மைக்ரோசாஃப்டின் சிமுலேட்டர், செயற்கைக்கோள் படங்களையும் வரைபடத் தரவுகளையும் கொண்டு உலகம் முழுவதையும் விரித்துக் காட்டியது. வாங்கிய பலரும் முதலில் தேடியது தங்கள் வீட்டுக் கூரையைத்தான். அதே மாதம் லாரா புயல் அமெரிக்கக் கரையை நெருங்கியபோது, நிஜ வானிலைத் தரவின்படி திரையில் சுழன்ற அந்தப் புயலைப் பார்க்கப் பலர் பறந்து போனார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் புறநகரில் வானளாவிய ஒற்றைக் கோபுரம் ஒன்று திரையில் முளைத்தது. திறந்த வரைபடம் ஒன்றில் இரண்டு மாடி வீட்டுக்கு யாரோ 212 மாடி என்று தட்டச்சு செய்திருந்ததே காரணம். உடனே அதைச் சுற்றிப் பார்க்கவும் ஒரு கூட்டம் கிளம்பியது.

இன்னும் சிலர் தேடிப் போவது, உலகில் இப்போது இல்லாத ஓடுபாதைகளை. ஹாங்காங்கின் பழைய காய் டாக் விமான நிலையம் 1998 ஜூலையில் மூடப்பட்டது. அங்கே இறங்க, மலைமேல் தீட்டியிருந்த சதுரங்கக் கட்டங்களை நோக்கிப் பறந்து, கட்டடங்களுக்கு மேலாக வலப்பக்கம் சட்டென்று திரும்ப வேண்டும். சிகாகோவின் ஏரிக்கரையில் இருந்த மீக்ஸ் ஃபீல்டு, மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் பல பதிப்புகளில் எல்லாரும் கிளம்பிய முதல் இடம். 2003 மார்ச் 30 நள்ளிரவில், நகர மேயர் ரிச்சர்ட் டேலியின் உத்தரவுப்படி புல்டோசர்கள் வந்து அதன் ஓடுபாதையில் பெரிய பெருக்கல் குறிகளைத் தோண்டிப் போட்டன. ஆர்வலர்கள் இரண்டு இடங்களையும் மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். ஓர் இறக்கத்தின் நுட்பம் அதை அறிந்தவர்களோடு அழிந்துபோகாமல் இப்படிக் கைமாறுகிறது. இந்தப் பொழுதுபோக்கு செய்திருக்கும் மிகச் சிறந்த காரியம் இதுவாகவே இருக்கலாம்.

புதிதாகத் தொடங்க நினைக்கும் நேயர்களுக்குச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. ஃப்ளைட்கியர் என்ற சிமுலேட்டர் இலவசம்; திறந்த மூல மென்பொருள். செஸ்னா 172 அதிலேயே வருகிறது. சாதாரண ஜாய்ஸ்டிக் ஒன்று போதும். சில வாரங்கள் அதில் கிளம்பி, வட்டமடித்து, இறங்கிப் பழகலாம். பெடல், பெரிய கைப்பிடி, தலையில் மாட்டும் திரை என்று கடைகளில் ஆசைகாட்டும் கருவிகளை அதுவரை வாங்க வேண்டியதில்லை. பிறகு ஹெலிகாப்டர் பிடித்துப்போனால் முதலில் தேவைப்படுவது கால் பெடல்கள். ஏ320 பிடித்தால் பக்கவாட்டுக் கைப்பிடி. கிளைடர் பிடித்தால் காண்டார் என்ற தனிச் சிமுலேட்டரே இருக்கிறது, நிஜ கிளைடர் விமானிகள் பலரும் குளிர்காலத்தில் அதில் பயிற்சி செய்கிறார்கள்.