தலைக்கணக்கும் தண்ணீர்க் கணக்கும்



சனத்தொகை பெருகினால் பூமி தாங்காது என்பார் உளர். உண்மை உண்டு. இலங்கையின் குடித்தொகை 1946இல் 66 இலட்சம். இன்று இரண்டு கோடிக்கு மேல். ஆயினும் நம் குடாநாட்டின் கணக்கு வேறு. இன்றைய யாழ்ப்பாண மாவட்டத்துள் அடங்கும் ஊர்களில் 1981இல் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். போரும் இடப்பெயர்வும் கடந்தபின், 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் ஆறு இலட்சம் பேரும் இல்லை. தலைகள் குறைந்தன, தண்ணீர்க் கவலை தீர்ந்ததா? தீரவில்லை.

நம் காலின்கீழ்க் கிடப்பது சுண்ணாம்புக்கல். மாரிமழை அதனுட் புகுந்து, உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. வற்றாத ஆறில்லாத நமக்கு அதுவே முதல். கடல்மட்டத்துக்கு மேல் நிற்கும் அந் நன்னீர் ஓர் அடி தாழுமாயின், கீழுள்ள உவர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி மேலெழும் என்பர் நிலநீர் அறிஞர். இப்படி அறவிடும் வட்டிக்காரன் எவ்வூரிலும் இல்லை!

துலாக் காலத்தில் இறைப்புக்கு இயல்பாகவே எல்லை இருந்தது. துலா மிதிக்க, பட்டை பிடிக்க, பாத்திக்குத் தண்ணீர் மாற ஆள் வேண்டும். ஆள் களைத்தால் இறைப்பு நிற்கும். யந்திரம் களைப்பதில்லை. எண்ணெய்க்கும் மின்சாரத்துக்கும் விலை கொடுக்கின்றோம்; நீருக்குக் கொடுப்பதில்லை. நாம் மிகுதியாக இறைப்பதன் நட்டம் அயல்வளவுக் கிணற்றில் விழுகின்றது. அயலார் இறைப்பதன் நட்டம் நம் கிணற்றில். ஒருவர் மட்டும் அடக்கி இறைத்தால் அவருக்கு ஊதியமில்லை. இடர் இதுவே.

வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அள்ளியிடும் யூரியாவில் பயிர் உண்ணாதது அந்நீரிலேயே இறங்குகின்றது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. தோட்டப் பகுதிக் கிணறுகள் பல அதனைக் கடந்துள்ளன. அக்கேடு முதலிற் சேர்வது, அந்நீரிற் கரைத்த புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையை.

பழியைக் கமக்காரர்மீது மட்டும் சுமத்துதல் நீதியன்று. மழைநீர் தேங்கிய குளத்தை மண்ணிட்டு நிரப்பி வீடு கட்டியவருட் கற்றோரும் உளர். 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. வேண்டியதே, ஆனால், வானம் இலவசமாய்த் தந்ததைக் கடலுக்கு விட்டுப் பின்னர்ப் பணம் கொடுத்து மீட்கின்றோம்.

ஆகவே நாம் கேட்பது இது: ஊர்தோறும் சில கிணறுகளைத் தெரிந்து, மாரியிலும் கோடையிலும் நீர்மட்டம், உவர், நைத்திரேற்று ஆகியவற்றை அளந்து, கமக்காரர் சங்கச் சுவரில் எழுதிவையுங்கள். கற்றோர் அளக்கட்டும். அவ்வளவைக் கண்டு அடுத்த போகத்தின் இறைப்பைத் தோட்டக்காரர் கூடித் தீர்மானிக்கட்டும்.