என் கணினியில் இருக்கும் கையேடும் உங்கள் கணினியில் இருக்கும் கையேடும்

(மேனாம்பேட்டில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசச் சொன்ன தலைப்பு, 'குழுவாகத் தயாரிக்கும் கோப்புகளை ஒத்திசைப்பதில் வரும் சிக்கல்கள்'. இதைப் பேச எனக்கு இருக்கும் ஒரே தகுதி, அந்தச் சிக்கலை உண்டாக்கியவனே நான் என்பதுதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பத்தாம் வகுப்புக் கணிதத்தில் மெல்லக் கற்போருக்காக ஒரு கையேடு தயாரிக்கலாம் என்று பக்கத்துப் பள்ளிகளைச் சேர்ந்த ஆசிரியர்கள் ஆறு பேர் முடிவு செய்தோம். முதல் மாதம் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் நடந்தது. 'கையேடு ஃபைனல்', 'கையேடு ஃபைனல் 2', 'கையேடு ஒரிஜினல் ஃபைனல்', 'இதுதான் ஃபைனல்' என்று கோப்புகள் வந்தபடி இருந்தன. நீங்கள் சிரிப்பதைப் பார்த்தால் உங்கள் கைப்பேசியிலும் இவை இருக்கும் போலிருக்கிறது. பிறகு இணையத்தில் ஒரு பகிர்வுக் கோப்புறை தொடங்கினோம். ஒருவர் திருத்தினால் மற்ற ஐந்து கணினிகளிலும் தானாகவே மாறிவிடும். பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தோம்.

நவம்பர் மழை. மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் இரண்டு நாள் மின்சாரமும் இல்லை, இணையமும் இல்லை. மூன்றாம் நாள் மடிக்கணினியைத் திறந்தால், ஆயத்தொலை வடிவியல் கோப்பு இரண்டாக நின்றது. ஒன்று வழக்கமான பெயரில், மற்றொன்று 'முரண்பட்ட நகல்' என்ற ஒட்டுடன். எது புதியது? கோப்பின் தேதியைப் பார்த்தேன். ஒன்றில் அந்த வாரத் தேதி, மற்றொன்றில் பல ஆண்டுகளுக்கு முந்தைய ஜனவரி 1. பழைய குப்பை என்று நினைத்து அழித்துவிட்டேன். என் அழிப்பும் ஒத்திசைந்தது. ஐந்து கணினிகளிலும் அந்தக் கோப்பு போய்விட்டது.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது குழுவிலிருந்த ஒரு டீச்சர் கேட்டார்: "சார், நான் போட்ட நாற்பது கணக்கு எங்க சார்? படிப்படியா விடையோட போட்டிருந்தேனே."

குப்பைத் தொட்டியில் தேடினோம். நாங்கள் பயன்படுத்திய சேவையில் அழித்த கோப்பு 30 நாள்தான் இருக்கும். அந்தக் கெடு தாண்டிவிட்டது. டீச்சர் வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள். அவர்களைத் தூங்க வைத்துவிட்டு இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து எழுதியது அந்த நாற்பது கணக்கும். அவர் என்னைத் திட்டவில்லை. "பரவாயில்ல சார், இனிமே நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லிக் குழுவிலிருந்து விலகிக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தேதி ஏன் தவறாக இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. கணினியை அணைத்து வைத்தாலும் அதன் கடிகாரம் ஓடுவதற்கு உள்ளே பொத்தான் அளவில் ஒரு சிறிய பேட்டரி இருக்கும். அவருடைய பழைய மடிக்கணினியில் அது செத்துப்போயிருந்தது. முழுவதுமாக அணைத்துத் திறக்கும்போதெல்லாம் கடிகாரம் ஏதோ ஓர் ஆண்டின் ஜனவரி 1-க்குப் போய்விடும். வீட்டில் இணையம் இல்லாமல் வேலை செய்து சேமித்திருக்கிறார். பள்ளியில் இணையத்தோடு இணைத்ததும் கடிகாரம் தானே சரியாகிவிடும். ஆனால் கோப்பின் மேல் விழுந்த தேதி விழுந்ததுதான். ஆக, அன்று என் கணினியில் மிகப் பழையதாகத் தெரிந்த கோப்புதான் உண்மையில் மிகப் புதியது.

இந்தக் கதையை என் பழைய மாணவர் ஒருவரிடம் புலம்பினேன். மென்பொருள் வேலையில் இருக்கிறார். "சார், நாங்க ஒரு புரோகிராமை ஐம்பது பேர் சேர்ந்து எழுதுறோம். நீங்க ஆறு பேருக்கே இப்படின்னா எப்படி?" என்று சிரித்துவிட்டு, கிட் என்ற மென்பொருளைக் காட்டிக்கொடுத்தார். லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதியது. உலகம் முழுவதும் சிதறிக் கிடந்த லினக்ஸ் நிரலாளர்கள் அதுவரை வேறொரு நிறுவனத்தின் மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்திவந்தார்கள். அந்தச் சலுகை நின்றதும் அவரே ஒன்றை எழுதிவிட்டார். இலவசம், யாரும் நிறுவிக்கொள்ளலாம். நிரல் எழுதத்தான் உதவும் என்றில்லை, எழுத்தாக இருக்கும் எதற்கும் உதவும்.

அது செய்வது நமக்குப் பழக்கமான வேலைதான். வருகைப் பதிவேட்டில் தவறு வந்தால் நாம் வெள்ளை மை பூசுகிறோமா? பூசினால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம். ஒரு கோடு அடித்து, சரியானதை மேலே எழுதி, சுருக்கொப்பம் இடுகிறோம். பழையதும் தெரியும், புதியதும் தெரியும், யார் மாற்றியது என்பதும் தெரியும். கிட் ஒவ்வொரு மாற்றத்தையும் இப்படித்தான் வைத்துக்கொள்கிறது. ஒரு வேலை முடிந்ததும் 'கமிட்' கொடுக்க வேண்டும், அதாவது பதிவு செய்ய வேண்டும். ஏன் மாற்றினேன் என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரியை எழுத நம்மவர்களுக்குச் சோம்பல். 'மாற்றம்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள். 'சாய்வு, கணக்கு 7, விடையில் குறி தவறு' என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து நமக்கே உதவும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. எது முந்தியது, எது பிந்தியது என்று முடிவு செய்ய கிட் கடிகாரத்தை நம்புவதில்லை. ஒவ்வொரு பதிவும் 'நான் இந்தப் பதிவின் மேல் எழுதப்பட்டவன்' என்று தன் முந்தைய பதிவைச் சுட்டிக்கொண்டிருக்கும். தேதியும் உள்ளே இருக்கும், ஆனால் அது தகவலுக்கு மட்டும். பேட்டரி செத்த மடிக்கணினியிலிருந்து வந்தாலும் வரிசை குலையாது.

சரி, சிக்கல்களுக்கு வருகிறேன். முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வேர்டு கோப்பைக் கிட்டில் போட்டால் அது பத்திரமாக இருக்கும், ஆனால் இருவர் திருத்தியதை அதனால் இணைக்க முடியாது. அதற்கு அது வரி வரியாகப் படிக்க முடியாத ஒரு மூட்டை. ஆகவே கேள்விகளை வெறும் எழுத்துக் கோப்புகளாக மாற்றினோம். ஒரு கேள்விக்கு ஒரு கோப்பு. வரைபடங்கள் தனிக் கோப்புறையில். அச்சிடும் நேரத்தில் மட்டும் வேர்டில் சேர்த்துக்கொள்கிறோம். இதைச் செய்தவுடனே மோதல்கள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன, ஏனென்றால் இருவர் ஒரே கேள்வியைத் தொடுவது அபூர்வம்.

அப்படித் தொட்டால்? வேலையைத் தொடங்கும் முன் 'புல்', முடித்ததும் 'புஷ்' என்பது வழக்கம். மற்றவர் உங்களுக்கு முன்பே அனுப்பியிருந்தால் உங்கள் புஷ்ஷைக் கிட் ஏற்காது. பலர் இங்கே பயந்துபோய், இணையத்தில் தேடி, 'ஃபோர்ஸ்' என்ற சொல்லைச் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அது மட்டும் வேண்டாம். நவம்பரில் நான் செய்ததும் அதுவும் ஒன்றுதான். புல் செய்யுங்கள். இருவரும் ஒரே வரியை மாற்றியிருந்தால் கிட் இரண்டு வடிவங்களையும் கோப்பிலேயே எழுதிக் காட்டும். ஏழு 'சிறியது' குறி, பிறகு உங்கள் வரி, ஏழு 'சமம்' குறி, பிறகு மற்றவர் வரி, ஏழு 'பெரியது' குறி. கணக்கு வாத்தியாருக்கு இதைவிடப் பழக்கமான குறிகள் கிடையாது. மற்றவருக்கு ஒரு போன் போட்டுப் பேசி, சரியான வரியை வைத்துக்கொண்டு, குறிகளை நீக்கிவிட்டுப் பதிய வேண்டும். குறிகளை நீக்க மறந்து ஒருமுறை பயிற்சித்தாளை அச்சடித்துவிட்டேன். முதல் பெஞ்சுப் பையன் எழுந்து, "சார், இது அசமன்பாடா?" என்று கேட்டான்.

தமிழில் எழுதும் நமக்கென்றே சில சிக்கல்கள் இருக்கின்றன. இவற்றை என் மாணவரும் பார்த்ததில்லை, ஆங்கிலத்தில்தான் வேலை செய்கிறார்.

கோப்புக்குத் 'கணம்' என்று பெயர் வைத்தால் கிட் அதைக் காட்டும்போது சாய்கோடும் மூன்றிலக்க எண்களுமாகக் காட்டும். 'க' என்ற ஓர் எழுத்துக்கு 340, 256, 225 என்று மூன்று எண்கள். கோப்பு கெட்டுவிட்டது என்று எங்கள் குழுவில் ஒருவர் மீண்டும் தட்டச்சு செய்ய உட்கார்ந்துவிட்டார். எதுவும் கெடவில்லை. அமைப்புகளில் 'கோர் க்வோட்பாத்' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கினால் தமிழ் தமிழாகத் தெரியும். ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்துக் குழப்பத்தால் விண்டோசுக்கும் லினக்சுக்கும் இடையே சண்டை வரும். தமிழில் பெயர் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை என்பது நமக்கு ஒரு லாபம்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு. 'கொடு' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கிட்டுக்கு வேறு வேறு. உங்கள் விசைப்பலகை ஒரு விதம், என்னுடையது இன்னொரு விதம் என்றால், ஒன்றுமே மாறாத வரி மாறியதாக வந்து நிற்கும். தேடினாலும் கிடைக்காது. இதே போலத்தான் துணைக்கால் மேல் புள்ளி வைத்து 'ர்' போலக் காட்டும் பழக்கமும். 'அவா்' என்று எழுதியிருப்பார்கள், பார்த்தால் 'அவர்' போலவே இருக்கும். தமிழாசிரியர்கள் மன்னிக்க வேண்டும், அது எழுத்துப் பிழையே. குழுவில் எல்லோரும் ஒரே விசைப்பலகை என்று முடிவு செய்தோம். பழைய வினாத்தாள்கள் இன்னும் வானவில், பாமினி எழுத்துருக்களில் இருக்கின்றன. அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஒருவர் கண்ணால் படித்துப் பார்த்த பிறகே சேர்க்கிறோம். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. நம் பென் டிரைவ்கள்தான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஒரு கேள்வியில் ஒரு சொல்லைத் திருத்தினால் கோப்பின் எல்லா வரிகளும் மாறியதாகக் காட்டினால், ஒருவர் விண்டோஸ், மற்றவர் லினக்ஸ் என்று புரிந்துகொள்ளுங்கள். வரி முடிவை விண்டோஸ் இரண்டு குறிகளால் எழுதும், லினக்ஸ் ஒன்றால். 'கிட் ஆட்ரிபியூட்ஸ்' கோப்பில் ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. எழுதும் முறையைப் பிறகு செய்து காட்டுகிறேன்.

பதியும்போது மின்சாரம் போய்விட்டால், அடுத்த முறை 'வேறொரு கிட் வேலை செய்துகொண்டிருக்கிறது' என்று மறுக்கும். உண்மையில் எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மறைந்திருக்கும் கிட் கோப்புறையில் 'இன்டெக்ஸ் லாக்' என்ற கோப்பை மட்டும் நீக்க வேண்டும். கோபத்தில் கோப்புறையையே நீக்கிவிடாதீர்கள், வரலாறு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. ஒரு பதிவு காணாமல் போனதாகத் தோன்றினால் 'ரெஃப்லாக்' என்ற கட்டளையைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே கிடைத்துவிடும்.

கிட் கோப்புறையைக் கொண்டுபோய் இணையப் பகிர்வுக் கோப்புறைக்குள் வைக்கவும் வேண்டாம். இரண்டு பேர் ஒரே பதிவேட்டில் ஒரே நேரத்தில் கை வைத்தது போலாகும். நான் வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

இணையம் இல்லாத பள்ளிகள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். எங்கள் பொதுக் களஞ்சியம் ஒரு பென் டிரைவில்தான் இருக்கிறது. குறுவள மையக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் அதில் புல், புஷ் செய்துகொள்கிறோம். 2022-க்குப் பிந்தைய பதிப்புகளில், பென் டிரைவைச் செருகியதும் 'இதன் உரிமையாளர் யாரென்று சந்தேகமாக இருக்கிறது' என்று கிட் மறுக்கலாம். அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. அந்தச் செய்தியிலேயே என்ன கட்டளை தர வேண்டும் என்று எழுதியிருக்கும். பென் டிரைவ் தொலைந்தாலும் கவலையில்லை. ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கிறது, புதிய பென் டிரைவில் மீண்டும் புஷ் செய்துவிடலாம். ஆனால் இதே காரணத்தால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மாணவர் பெயர்ப் பட்டியல், எமிஸ் எண், மதிப்பெண் ஆகியவற்றை இதில் போடாதீர்கள். பிறகு அழித்தாலும் பழைய பதிவில் இருந்துகொண்டே இருக்கும்.

அந்த டீச்சரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பிப்ரவரியில் அவர் பள்ளிக்குப் போய், பழைய மடிக்கணினிக்குப் பேட்டரி மாற்றிக்கொடுத்தேன். அழித்தது நான்தான் என்றும் சொன்னேன். அதுவரை சொல்லவில்லை, ஒத்திசைவில் ஏதோ கோளாறு என்றுதான் குழுவில் பேசிக்கொண்டிருந்தோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கோளாறுன்னா யாரைக் கேக்கறதுன்னுதான் சார் விலகினேன்" என்றார். நாற்பதில் இருபத்தாறு கணக்கை இருவரும் சேர்ந்து மீண்டும் எழுதினோம். மீதி அவருக்கும் நினைவுக்கு வரவில்லை. போன வாரம் இரு நேர்கோடுகள் செங்குத்து என்று காட்டும் கணக்கில் எங்கள் இருவருக்கும் மோதல் வந்தது. நான் சாய்வுகளின் பெருக்கல்பலனை வைத்து ஒரே வரியில் முடித்திருந்தேன். அவர் ஒவ்வொரு சாய்வையும் தனித்தனியாகக் கண்டு நான்கு வரி எழுதியிருந்தார். போனில் பேசினோம். அவருடைய நான்கு வரிதான் கையேட்டில் இருக்கிறது.

தேநீர் வந்துவிட்டது என்கிறார்கள். முடித்துவிட்டு ஆய்வகத்துக்கு வாருங்கள், பென் டிரைவ் என்னிடம் இருக்கிறது. மடிக்கணினி கொண்டுவந்திருப்பவர்கள் திறந்தவுடன் வலது மூலையில் தேதியைப் பார்த்துவிடுங்கள்.